முனிக்கு வைத்த எண்ணெய்

தம்பி,

ஜீப்பில் கை வைத்துப் பதினொரு நாள் ஆகிறது. நீ போனில் கேட்டபோதெல்லாம் மழை என்றேன், தடிமன் என்றேன், சாமான் வரவில்லை என்றேன். மழை பெய்தது உண்மைதான். நோர்வூட் பக்கம் மழை பெய்யவில்லை என்று சொன்னால்தான் அது பொய். மற்ற இரண்டும் நான் கட்டிவிட்டது. உண்மையைப் போனிலேயே சொல்லிவிட இரண்டு தடவை வாயெடுத்தேன். "ஹலோ அப்பா" என்று உன் குரல் கேட்டதுமே மறுபடி மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டேன். அதனால் உன் பழைய பள்ளிக்கூடக் கொப்பிகளில் எழுதாமல் கிடந்த தாள்களைக் கிழித்து எழுதுகிறேன். கொழும்பில் ஹோட்டல்காரர்களின் வேனை ஓட்டிக்கொண்டு போகிற வழியில் இதைப் பிரிக்காதே. வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, ஓரிடத்தில் உட்கார்ந்து படி. அறுபத்து மூன்று வயது வரை யாருக்கும் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் சிரித்துக்கொள். சிரிப்பதற்கு வேறொன்றும் இதில் இல்லை.

முதலில் நமக்குள் இருந்த பேரத்தைச் சொல்லிவிடுகிறேன். வருஷப்பிறப்பு லீவில் வந்தபோது, மாணிக்கத்தின் மகள் ரேவதியைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நீ சொன்னாய். நான் தின்றுகொண்டிருந்த ரொட்டியைத் தட்டோடு தள்ளிவிட்டேன். "ஒஞ் சித்தப்பனக் கொன்னவன் வீட்டுலயா பொண்ணு எடுப்ப? நான் செத்த பொறகு எடுத்துக்க" என்றேன். அந்த லீவு முடியுமுன்னே, தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடமாகக் கொடி மூடிக் கிடந்த அந்த ஜீப்பை இரும்புக்கு வெட்டப் போகிறார்கள் என்று சேதி வந்தது. வாங்கிவிடலாம் என்று நீதான் சொன்னாய். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, பழசு என்றால் வெள்ளைக்காரர்கள் உயிரை விடுவார்கள், இறம்பொடை அருவிக்கும் மலை உச்சிக்கும் ஆள் ஏற்றலாம் என்றாய். அது உன் சித்தப்பா உயிர்விட்ட வண்டி. என் தம்பி கடைசியாக உட்கார்ந்த இடத்தை இரும்புக்கடைக்காரன் வெட்டுவதை என்னாலும் பார்க்க முடியாது என்பதால் சரி என்றேன். அதோடு விட்டிருக்கலாம், என் புத்தி விடவில்லை. "வண்டிய நான் புதுசாட்டம் ஆக்கித் தர்றேன். நீ அந்தப் புள்ளைய மறந்துரு" என்றேன். நீ சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை, தலையைச் சொறிந்துகொண்டே பஸ் ஏறிவிட்டாய். மகனுடைய கல்யாணத்துக்குத் துருப்பிடித்த ஜீப்பை ஈடு வைத்த தகப்பன் இந்தத் தோட்டத்திலேயே நான் ஒருவன்தான்.

வேலையை ஆசையாகத்தான் தொடங்கினேன். முப்பத்தைந்து வருடம் ஸ்டோரில் மெசின் பார்க்கிற பிட்டராக இருந்தவனுக்குச் சும்மா இருப்பதே வியாதி. வாசலில் தார்ப்பாய் கட்டி, நாலு மூலைக்கும் மரக்கட்டை முட்டுக்கொடுத்து ஜீப்பைத் தூக்கி நிறுத்தினேன். அடித்தளம் முழுக்கத் துரு. காலை வைத்தால் கால் மண்ணுக்குப் போனது. இருக்கைக்குக் கீழே பக்கத்து வீட்டுக் கோழி முட்டை வைத்திருந்தது. போல்ட் ஒன்றும் அசையவில்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சூடு காட்டி, கெஞ்சி, திட்டி ஒவ்வொன்றாகக் கழற்றினேன். உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "எங்கிட்ட ஒரு நாளாவது இம்புட்டுப் பொறுமையாப் பேசியிருக்கீங்களா?" என்றாள். வயர் பிரஷ் போட்டுத் தேய்த்தால் பச்சைப் பெயின்ட்டுக்குக் கீழே சாம்பல், சாம்பலுக்குக் கீழே இன்னொரு பச்சை. இற்றுப்போன தகரத்தை வெட்டிப் புதுத் தகரம் ஒட்ட வைத்தேன். முதல் மாதம் முனகிய எஞ்சின் மூன்றாம் மாதம் உறுமியது. அன்று உனக்கு வீடியோ அனுப்பினேன், நீ கை தட்டுகிற படம் அனுப்பினாய். ரேவதி பேச்சை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பேரம் படிந்துவிட்டது என்று எனக்குள் ஒரு கெட்ட சந்தோஷம் இருந்தது.

அந்த ஜீப் உருண்ட கதை உனக்குத் தெரியும். என் வாயால் கேட்ட கதைதான். அதையே இன்னொரு தடவை கேள். உனக்கு அப்போது நாலு வயது. மாணிக்கம் தோட்டத்துப் பெரிய துரையின் ஜீப் டிரைவர். உன் சித்தப்பா குமாருக்குத் திம்புள்ள பக்கம் ஒரு பெண் பார்த்திருந்தோம். பெண் வீட்டாருக்குக் கொடுக்கப் படம் எடுக்க வேண்டும் என்று அவன் அட்டனுக்குக் கிளம்பினான். தபால் எடுக்கப் போன ஜீப்பில் தொற்றிக்கொண்டான். என்னுடைய வெள்ளைச் சட்டையைத்தான் கேட்டு வாங்கிப் போட்டிருந்தான். கொலரில் பவுடர் படாமல் பார்த்துக்கொள் என்று நான் அதட்டினேன். ஸ்டோருக்குக் கீழே மூன்றாவது முடக்கு வளைவில் ஜீப் திரும்பாமல் நேரே தேயிலைக்குள் இறங்கி உருண்டது. குமார் அந்த இடத்திலேயே போய்விட்டான். மாணிக்கத்துக்கு இடது கால் மூன்று இடத்தில் முறிந்தது. "பிரேக் புடிக்கல, பிரேக் புடிக்கல" என்று அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து கத்தினான். ஒருவரும் காது கொடுக்கவில்லை.

எப்படிக் கொடுப்பார்கள்? எல்லாரிடமும் வேறொரு காரணம் தயாராக இருந்தது. ஸ்டோரில் சுற்றுகிற ரோதைச் சக்கரங்களுக்கெல்லாம் காவல் ரோதமுனி சாமி. வருடத்துக்கு ஒரு தடவை சேவல் அறுத்து, கொழுந்து உருட்டுகிற மெசினிலிருந்து லொறி வரைக்கும் சந்தனம் பூசி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போடுவோம். நீயும் அந்தச் சேவல் கறிக்கு முதல் ஆளாகத் தட்டை நீட்டியவன்தான். அந்த வருடப் பூசையன்று ஜீப் தோட்டத்தில் இல்லை. துரையின் வீட்டுக்காரர்களைக் கூட்டிவர மாணிக்கம் கண்டிக்குப் போயிருந்தான். சரியாக மூன்று கிழமையில் இப்படி ஆயிற்று. "பூச வாங்காத வண்டி, முனி காவு வாங்கிருச்சு" என்று லயத்து வீடுகளெல்லாம் அதே பேச்சு. போதாததற்கு, முதல் நாள் அவன் சாவு வீட்டுக்குப் போய்விட்டுக் குளிக்காமல் வண்டியில் ஏறினான், கசிப்பு குடித்திருந்தான் என்று ஆளுக்கொன்றைச் சேர்த்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

விசாரணையில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், ஜீப்பையும் நான்தான் பார்த்துக்கொண்டேன் என்பதால். "பிரேக் நல்லாத்தான் இருந்திச்சு. நான் கை வெச்ச வண்டி" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். பொய் சொன்னேன் என்று நினைக்காதே. நம்பித்தான் சொன்னேன், அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லத்தான் இத்தனை தாள். என் பேச்சுக்குப் பிறகு யாரும் அந்த ஜீப்பின் ஒரு மூடியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. சங்கிலி போட்டு இழுத்துப் போய் ஸ்டோருக்குப் பின்னால் தள்ளினார்கள். கருமாதியன்று மாணிக்கம் இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, கட்டுப்போட்ட காலோடு மாலை கொண்டுவந்தான். "எந் தம்பியக் கொன்னுட்டு மால போட வந்தியா?" என்று அதைப் பிடுங்கிச் சாக்கடைக் கானில் வீசினேன். கால் ஓரளவு தேறியதும், விடியற்காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்கு வந்து, டிரைவர் வேலை வேண்டாம், புல்லு வெட்டவாவது பேர் போடுங்கள் என்று கங்காணியிடம் கெஞ்சினான். எல்லாருக்கும் முன்னால் நான் கத்திய கத்தலில் சனமே திரண்டு அவனை விரட்டியது. ஒரு மாதத்தில் லயத்துக் காம்பராவைக் காலி பண்ணிக்கொண்டு பெண்டாட்டி பிள்ளையோடு நோர்வூட்டுக்குப் போய்விட்டான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வெற்றிலைப் பெட்டிக்கடை வைத்துப் பிழைத்தான். நோர்வூட் ஸ்கூலில் நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு பெண் பிள்ளையோடு ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாய் என்று உன்னை அறைந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? ஏன் அடித்தேன் என்று அன்றைக்கு உனக்குத் தெரிந்திருக்காது. அது ரேவதி.

இனி ஜீப்புக்கு வருகிறேன். பிரேக்கைக் கடைசிக்கு என்று வைத்திருந்தேன். பதினொரு நாளுக்கு முன் காலையில் நாலு சக்கரத்து டிரம்மையும் அடித்துக் கழற்றினேன். உள்ளே சின்னச் சிலிண்டர் இருக்கும், அதற்குள் ஒரு ரூபாய்க் காசளவு ரப்பர் கப்பு இருக்கும். இத்தனை வருடம் கிடந்த ரப்பர் காய்ந்து வெடித்திருக்க வேண்டும். முதல் கப்பு ஊதிப்போய், நகத்தை வைத்தால் பதிகிற மாதிரி கொழகொழவென்று வந்தது. ஒன்றிரண்டு அப்படித்தான் இருக்கும் என்று அடுத்ததைத் திறந்தேன். அதுவும் அப்படி. நாலு சக்கரத்திலும் அப்படியே. பெடலோடு சேர்ந்த பெரிய சிலிண்டரில் இருந்த கப்பு வெளியே வரவே மறுத்தது. நோண்டி எடுத்தால் ஓரமெல்லாம் மடிந்து கிடந்தது. எல்லாவற்றையும் பழைய பால்மாத் தகரத்தில் போட்டுக்கொண்டு, புதுசு வாங்கலாம் என்று பஸ் ஏறி அட்டனுக்குப் போனேன்.

அங்கே கராஜ் வைத்திருக்கிற சிங்கள மெக்கானிக் பாஸ் ஒரு கப்பை எடுத்து மோந்து பார்த்தார். "மேகட தாலா தியென்னே எஞ்சின் ஒயில் நே, மாமே" என்றார். இதில் ஊற்றியிருப்பது எஞ்சின் எண்ணெய் என்கிறார். அதனால் என்ன என்று கேட்டேன். பிரேக்குக்கு என்று தனி ஒயில் உண்டாம். மெசின் எண்ணெய் ஒரு சொட்டுக் கலந்தாலும் இந்த ரப்பருக்கு ஆகாதாம். கொஞ்சம் கொஞ்சமாக ஊதி ஓரம் மடியுமாம். இரண்டு மூன்று கிழமையில் பெடல் மெத்தென்று ஆகி, ஒரு நாள் ஒன்றும் பிடிக்காமல் அடிவரைக்கும் போய்விடுமாம். சொல்லிவிட்டு அவர் சிரித்தார். "கவுத மே மோட வெடே களே?" என்றார். இந்த முட்டாள் வேலையைச் செய்தது யார் என்று கேட்கிறார் மனிதர். நான் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காதுக்குள் ஸ்டோர் மெசின் ஓடுகிற சத்தம் கேட்டது. அவர் பயந்துபோய் ஸ்டூலை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்தார்.

செய்தது நான், தம்பி. பூசையன்று முனிக்கு முன்னால் புது எண்ணெய்த் தகரம் ஒன்றை வைத்துக் கும்பிட்டு, அதிலிருந்து ஒவ்வொரு மெசினுக்கும் சொட்டுச் சொட்டாக ஊற்றுவது எங்கள் ஸ்டோர் வழக்கம். அந்த வருடம் ஜீப்புக்கு மட்டும் அது கிடைக்கவில்லை என்று எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மறுநாள் ஜீப் வந்து நின்றது. மாணிக்கம் சாப்பிடப் போனான். பூசாரிக்குத் தெரியாமல் அந்தத் தகரத்தில் மிச்சமிருந்த எண்ணெயை ஒரு குவளையில் எடுத்துவந்து, மூடியைத் தூக்கி, எங்கே ஊற்றலாம் என்று பார்த்தேன். எஞ்சினில் எண்ணெய் நிறைய இருந்தது. பிரேக் ஒயில் பெட்டி கொஞ்சம் குறைந்திருந்தது. வண்டியை நிறுத்துவது இதுதானே, முனி இங்கேயே குடியிருக்கட்டும் என்று கும்பிட்டு ஊற்றினேன். ரோலரும் பெல்ட்டும் சூளையும் எனக்கு அத்துப்படி. மோட்டார் வண்டியை நான் முறையாகப் படித்ததில்லை. எண்ணெய் என்றால் எண்ணெய்தானே என்று இருந்துவிட்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எனக்கு முடிந்தது என் தம்பியின் உயிராக.

இன்னொன்றையும் சொல்கிறேன், இதுதான் என்னைத் தின்கிறது. ஜீப் உருள்வதற்கு இரண்டு நாளுக்கு முன் மாணிக்கம் என்னிடம் வந்தான். "பிட்டரண்ணே, பெடலு மெத்து மெத்துன்னு போவுது. ஒருக்காப் பாருங்களேன்" என்றான். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. முனி இருக்காரு. நீ கால நல்லா அழுத்தி மிதி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். விசாரணையில் இதை நான் சொல்லவில்லை. மறைக்க நினைத்துச் சொல்லாமல் விடவில்லை. அது ஒரு விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை. சாமி காவல் இருக்கிற பிரேக் கெடாது, ஆகவே கெட்டது ஓட்டியவன்தான் என்று என் கணக்கு. ஊர்க்காரர்களாவது முனி மேல் பாதியைப் போட்டார்கள். நான் முழுவதையும் மாணிக்கத்தின் தலையில் கட்டினேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பதை எத்தனை பேருக்கு எடுத்துச் சொல்லியிருப்பேன்!

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் கேட்டாள். "நீங்க வேணும்னேவா செஞ்சீங்க?" என்றாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, "தம்பிக்குச் சம்மதம்னு மட்டும் சொல்லுங்க. அவன் சந்தோசப்படுவான், அந்தப் புள்ள வீட்டுக்கு வந்துரும். மத்தது நம்ம ரெண்டு பேரோட மண்ணுக்குப் போவட்டும்" என்றாள். அவளைக் குறை சொல்லாதே, உன்னை நினைத்துத்தான் சொன்னாள். நானும் தள்ளிவிடவில்லை, ஆறு நாள் அதைப் பிடித்துத் தொங்கினேன். நான் மனம் மாறிய நல்ல தகப்பன் ஆகிவிடலாம், மாணிக்கமும் பெருந்தன்மை என்று என்னைக் கையெடுத்துக் கும்பிடுவான். நான் விரட்டியவன் என்னையே கும்பிடுவான் என்று நினைத்த இடத்தில்தான் எழுந்துவிட்டேன். வேட்டியை மாற்றிக்கொண்டு, பால்மாத் தகரத்தையும் எடுத்துக்கொண்டு நோர்வூட் பஸ்ஸில் ஏறினேன்.

மாணிக்கம் இப்போது கடைக்குப் போவதில்லை, கால் ஒத்துழைப்பதில்லை. பலகை வீட்டு முன் அறையில் கதிரையில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும், அத்தனை நடந்த பிறகும், எழுந்திருக்கப் பார்த்தான். தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். தகரத்தைத் திறந்து அவன் மடியில் வைத்து, ஊற்றியதிலிருந்து பாஸ் சிரித்தது வரை ஒன்று விடாமல் சொன்னேன். அவன் ஒரு கப்பை எடுத்து நசுக்கிப் பார்த்தான். கையில் ஒட்டியதைச் சாரத்தில் துடைத்தான். திட்டுவான், அடிப்பான் என்று காத்திருந்தேன். "இருங்க" என்றான். "ரேவதி ஸ்கூல்ல இருந்து வந்துரும். அதுக்கு முன்னாடி இன்னொரு வாட்டி சொல்லுங்க, எம் பொஞ்சாதி கேக்கட்டும்." அவளைக் கூப்பிட்டான், மறுபடி சொன்னேன். ரேவதி வந்தாள். மூன்றாம் முறை சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரேவதி, தான் படிப்பிக்கிற பிள்ளைகளின் கொப்பிக் கட்டை இறக்கி வைக்காமல் நின்றுகொண்டே கேட்டாள். அழவில்லை. "இது அவருக்குத் தெரியுமா?" என்றாள் உன்னை. இன்னும் தெரியாது என்றேன். "மொதல்ல அவருகிட்ட சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன். தெரியாத மாதிரி அவரோட பேசவும் என்னால முடியாது. சொல்லிட்டேன்னு நீங்க சொன்ன பொறகு நான் பேசுறேன்" என்றாள். ஐந்து நாளாக அவள் உன் போனை ஏன் எடுக்கவில்லை என்று நீ தவித்துக்கொண்டிருப்பாய். இதுதான் காரணம். எனக்குத் தைரியம் வர ஐந்து நாள் ஆனது, அதற்கும் மன்னித்துக்கொள். அவள் உன்னிடம் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. நான் வாயை மூடியிருந்தால் அவள் உனக்குக் கிடைத்திருப்பாள். இப்போது கிடைக்காமலும் போகலாம். தெரிந்துதான் சொன்னேன், தம்பி.

நான் வழக்கம்போல அவசரப்பட்டேன். "எம் மகனுக்கு ரேவதியக் குடுப்பியா, மாணிக்கம்?" என்று அந்த இடத்திலேயே கேட்டேன். அவன் முகம் அப்போதுதான் மாறியது. "பொண்ணு கேட்டு வந்தீங்களா, பாவத்த எறக்கி வைக்க வந்தீங்களா? ரெண்டையும் ஒரே நாளு எங்கிட்டக் கேக்காதீங்க" என்றான். பிறகு, "என்னைய வெரட்டுனது பெரட்டுக் களத்துலதான். அங்க சொல்லுங்க. பொண்ணு கேக்குறதுன்னா வேற நாளு வாங்க. அன்னைக்கு நான் என்ன சொல்லுவேன்னு இப்ப எனக்குத் தெரியாது" என்றான்.

மறுநாள் காலையில் பெரட்டுக்குப் போனேன். பென்ஷன் வாங்கியவனுக்கு அங்கே என்ன வேலை என்று கங்காணி சிரித்தார். இரண்டு நிமிஷம் கொடுங்கள் என்று கேட்டு, கூடையும் இடுப்பில் கட்டிய படங்குமாக நின்ற சனத்துக்கு முன்னால் சொன்னேன். ஒரு அம்மா, "ஐயோ, அப்ப அந்த மனுசனச் சும்மாவா வெரட்டுனோம்?" என்று வாயில் அடித்துக்கொண்டாள். இத்தனை வருடம் கழித்து இது எதற்கு என்றார்கள் சிலர். பழைய பூசாரியின் மகனுக்கு மட்டும் கோபம் வந்துவிட்டது. "முனி எண்ணெயவே குத்தம் சொல்றீங்களா?" என்று கேட்டான். "முனி ஊத்தல தம்பி. நாந்தான் ஊத்துனேன்" என்றேன். கணக்கப்பிள்ளை கொழுந்து பறிக்க மலைக்குப் போகச் சொன்னார், போய்விட்டார்கள். உன் அம்மாவும் அந்தக் கூட்டத்தில் நின்றாள். என் பக்கம் பார்க்கவில்லை. ஆனால் அன்று மத்தியானம் வந்து சோறு போட்டாள்.

உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்குப் போய்விட்டது. இருந்தாலும் தகப்பன் வாய் சும்மா இருக்காது. ஒன்றை நிச்சயம் என்று நீ அடித்துப் பேசும்போதெல்லாம், மூடியைத் திறந்து பார்த்தேனா என்று உன்னையே ஒரு தடவை கேட்டுக்கொள். நாளைக்கு ரேவதியோ வேறு யாரோ உன்னிடம் வந்து, என்னவோ சரியில்லை, ஒருக்காப் பாரேன் என்று சொன்னால், கையில் இருக்கிற டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போ. சாமி கும்பிடு, நானும் இனிமேலும் கும்பிடுவேன். ஆனால் சாமி இருக்கிறார் என்று சொல்லி உன் வேலையை அவர் தலையில் கட்டாதே. நமக்குள் இருந்த பேரத்தை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். ஜீப் கட்டைகள் மேல் நிற்கிறது. அதை முடிப்பதா, வெட்டிப் போடுவதா, நீ வந்து சொல். என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றாலும் சரிதான், அதையும் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போ. உன்னைத் தோளில் தூக்கித் திரிந்தவன் குமார். நீ கேட்கிற எந்தக் கேள்விக்கும் நான் எழுந்து ஓட மாட்டேன்.

மாணிக்கம் வீட்டில் நடந்ததில் ஒன்றை மட்டும் இதுவரை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். அன்று நான் புறப்பட்டு வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து, "பிட்டரண்ணே" என்று கூப்பிட்டான். திரும்பிப் பார்த்தேன். கதிரையில் இருந்தபடியே வலது காலை சிமெண்டுத் தரையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திக்கொண்டிருந்தான். "ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேண்ணே. பயத்துல பிரேக்க விட்டுட்டு வேற எதையோ மிதிச்சிட்டேன்னு நம்பிட்டேன். குமாரு கனவுல வந்தாக்கூட, நான் மிதிக்கலடான்னுதான் அவங்கிட்ட அழுதிருக்கேன்" என்றான். "இப்ப நீங்க சொல்லுங்கண்ணே. நான் மிதிச்சேன்தானே?"

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அவன் காலடியில் உட்கார்ந்தேன்.

"மிதிச்ச, மாணிக்கம்" என்றேன். "நல்லாத்தான் மிதிச்ச."

வந்து சேர், தம்பி.

அப்பா